குறுக்கே நின்றவர்

மைக்கில் அவருடைய நம்பர் ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் வரும். தப்பு செய்தால்.

எழுபதுகளில் ஹைதராபாதில் நடந்த கூடைப்பந்துப் போட்டிகளில் மைதானத்தின் ஓரம் ஒரு மேஜை போட்டு மைக்கோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். பந்து கூடைக்குள் விழுந்தால் போட்டவனின் நம்பரையும் பெயரையும் நீட்டி முழக்கிச் சொல்வார். தப்பாட்டம் ஆடினால் நம்பரை மட்டும் சொல்லி, “பெர்சனல் ஃபவுல்” என்பார். தடுத்தவனைப் பற்றியோ, எதிராளியை நகரவிடாமல் செய்தவனைப் பற்றியோ சொல்வதற்கு அவரிடம் வாசகமே கிடையாது. கூடையில் விழுந்த பந்தைச் சொல்லலாம். விழாமல் போன பந்தை என்னவென்று சொல்வது?

நான் இப்போது எழுதப்போகும் மனிதரின் பெயரை நானும் சொல்லப்போவதில்லை. அவருடைய பெண்கள் இதே ஊரில் குடும்பமாக இருக்கிறார்கள். அப்பாவைப் பற்றி அவர்கள் பெருமையாக நினைத்துக்கொண்டிருப்பதில் நான் போய்க் கைவைக்க விரும்பவில்லை.

காஞ்சன்பாக் பக்கம் இருந்த ஓர் அரசாங்கக் கம்பெனியில் நான் கணக்குப் பிரிவில் குமாஸ்தா. கம்பெனியின் கூடைப்பந்து அணியில் பந்தைத் தட்டிக்கொண்டு போய் மற்றவர்களுக்குக் கொடுக்கிற வேலை எனக்கு. அவர் எங்கள் பிவட். அந்த ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிவட் என்றால் கூடைக்குக் கீழேயே நின்று ஆடுகிறவன். அந்த இடத்துக்கு எல்லா அணிகளும் இருப்பதிலேயே நெட்டையான ஆளைப் பிடித்து வைத்திருக்கும். எங்கள் பிவட் என் காதளவுதான் இருப்பார். அகலம் மட்டும் உண்டு. எங்கள் நெட்டை ஆள் குவைத்தில் வேலை கிடைத்துப் போனபோது, வேறொருவர் வரும்வரை தற்காலிகமாக நிற்கட்டும் என்று இவரை நிறுத்தினார்கள். வேறொருவர் வரவேயில்லை.

லாலாகுடா ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவர். அப்பா ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர், வட ஆற்காட்டுப் பக்கத்துக் குடும்பம். பேசும்போது இரண்டு ஊரும் சேர்ந்து வரும். “இன்னாத்துக்கு” என்று ஆரம்பித்து, வேண்டாம் என்பதற்கு ஹைதராபாத் பாணியில் “நக்கோ” என்று முடிப்பார். என்னைத் தம்பி என்பார். எனக்கு அவர் அண்ணே.

அவர் ஆட்டத்தைப் பார்த்தால் ஆட்டமாகவே தெரியாது. எதிரணியின் நெட்டை ஆள் கூடைக்குப் பக்கத்தில் தனக்கென்று ஓர் இடம் வைத்திருப்பான். அங்கே நின்று பந்தை வாங்கிவிட்டால் தடுக்க முடியாது. அவன் அங்கே வந்துசேரும்போது எங்கள் ஆள் ஏற்கெனவே அந்த இடத்தில் நின்றுகொண்டிருப்பார். அவ்வளவுதான் வித்தை. அவன் இந்தப் பக்கம் போனால் அங்கேயும் முன்னாலேயே போய் நிற்பார். அவன் தொடையில் இடுப்பை முட்டுக்கொடுத்துக்கொண்டு, கைகளை மேலே தூக்கிக்கொண்டு, பந்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நிற்பார். கடைசியில் அவன் ஓரடி தள்ளி நின்று பந்தை வாங்குவான். அந்த ஓரடியில் குறி தவறும். தவறிய பந்து கீழே வரும்போது இவர் முதுகால் அவனைத் தள்ளிக்கொண்டு வெளியே போவார். பந்து சும்மா என் கையில் வந்து விழும். நான் எடுத்துக்கொண்டு ஓடுவேன். கைதட்டல் எனக்கு.

“கை வெக்காத, கால் வெய்யி.” அவர் அடிக்கடி சொல்கிற வார்த்தை இது. கை வைத்தால் ரெஃப்ரீ விசில் ஊதுவார். காலை முன்னாடியே கொண்டுபோய் வைத்துவிட்டால் யார் என்ன கேட்க முடியும்? அப்படியும் ஓர் ஆட்டத்தில் மூன்று நான்கு ஃபவுல் அவர் பேரில் ஏறிவிடும். ஐந்தாவது விழுந்தால் வெளியே. நாலாவதோடு நெடுநேரம் நின்று ஆடுவதில் அவருக்கு ஒரு ருசி இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

வெளியிலும் மனிதர் அப்படித்தான். ஒருமுறை காலனியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் நன்றாகக் குடித்துவிட்டு, சம்பந்தியை நாலு கேள்வி கேட்கப்போகிறேன் என்று பந்தலுக்குள் பாய்ந்தார். ஆளாளுக்குப் பிடிக்கப் போனார்கள், அவர் எல்லோரையும் உதறினார். நம்மவர் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் முன்னால் நின்றார். சித்தப்பா இடப்பக்கம் போனால் இவரும் இடப்பக்கம். வலப்பக்கம் போனால் இவரும் வலப்பக்கம். ஒரு வார்த்தை பேசவில்லை, விரலால்கூடத் தொடவில்லை. சித்தப்பா கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் களைத்துப்போய் அங்கேயே ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். இவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நாற்காலிக்கு முன்னாலேயே தொடர்ந்து நின்றார். சாப்பாட்டுப் பந்தி முடியும்வரை நகரவில்லை. அன்றைக்கு அவர் சாப்பிட்டாரா என்று யாரும் கேட்டதாக நினைவில்லை. நானும் கேட்கவில்லை, பாயசம் நன்றாக இருந்தது.

பிறர் வழியை மறிக்கத் தெரிந்த மனிதருக்குத் தன் வழியைப் போட்டுக்கொள்ளத் தெரியாது. அதுதான் அவர் வாழ்க்கையின் சங்கடம். விளையாட்டுக்காக எடுத்த ஆள் என்றாலும் வேலை தற்காலிகம். ஸ்டோர்ஸில் மரப்பெட்டிகளை ஏற்றி இறக்குகிற தினக்கூலி. எங்களோடு சேர்ந்த விளையாட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக நிரந்தரமாகி, கம்பெனி குவார்ட்டர்ஸில் வீடு வாங்கி, பிள்ளைகளைக் கம்பெனிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். இவர் மனைவியோடும் மூன்று பெண்களோடும் சந்தோஷ்நகர் தாண்டி ஒரு தகரக்கூரை வீட்டில் வாடகைக்கு இருந்தார். வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டிவிட்டால் நிரந்தரம் என்கிற பேச்சே கிடையாது. பெட்டி தூக்குகிற முதுகும் எத்தனை நாள் தாங்கும்?

எங்கள் விளையாட்டு அதிகாரி நல்ல மனிதர், தெலுங்குக்காரர். ஆனால் உயரப் பைத்தியம். தன் அறையின் கதவு நிலையில் ஆறடிக்கு ஒரு சிவப்புக்கோடு போட்டு வைத்திருந்தார். யார் வேலை கேட்டு வந்தாலும் முதலில் அங்கே முதுகை ஒட்டி நிற்க வேண்டும். இவருக்காக நான் பேசப் போகும்போதெல்லாம் அந்தக் கோட்டையே பார்ப்பார்.

“ஹைட் லேது கதண்டி,” என்பார். உயரம் இல்லையே என்று அர்த்தம். “பாயிண்ட்ஸும் இல்ல. மேலே இருக்கறவா கேட்டா நான் என்ன சொல்றது? இவர் நன்னா நிக்கறார்ன்னா?”

அவர் எங்களோடு பேசிப் பேசிக் கொஞ்சம் தமிழ் கற்றிருந்தார். அந்தத் தமிழில் சொல்லும்போது இன்னும் எரிச்சலாக இருக்கும்.

அண்ணி ஒரு தடவை ஆட்டம் பார்க்க வந்தார். அவருடைய மனைவியை நாங்கள் எல்லோரும் அண்ணி என்போம். மூத்த பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு, பெண்களுக்குப் போட்டிருந்த பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு எங்கள் ஆள் ஆடியதைப் போல ஓர் ஆட்டத்தை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. எதிரணியின் பிவட் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நாங்கள் சுலபமாக ஜெயித்தோம். ஆட்டம் முடிந்ததும் நான் சந்தோஷத்தோடு அண்ணியிடம் போனேன். அவர் முகம் செத்துப்போயிருந்தது.

“ஏந்தம்பி, அவுரு நம்பர மட்டும் தப்பு தப்புன்னே சொல்றாங்களே. இப்டி ஆடினா எப்டிப்பா பர்மனென்ட் பண்ணுவாங்க?”

“அது தப்பில்லை அண்ணி. அவர் இல்லேன்னா நாங்க தோத்திருப்போம்.”

“நீ அவுரு மேல இருக்கற பிரியத்துல சொல்ற.”

நான் எவ்வளவோ விளக்கினேன். அவர் தலையாட்டினார், நம்பவில்லை. பக்கத்தில் நின்றிருந்த இவர் அதைச் சரிசெய்ய ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, “ஆமாம்மே, தப்புதான் பண்ணிட்டேன்” என்றார். எனக்கு அவர் மேலேயே கோபம் வந்தது.

அந்த வருஷம் புதிதாக ஒரு ஜெனரல் மேனேஜர் வந்திருந்தார். நகரத்துக் கம்பெனிகளுக்கிடையே நடந்த போட்டியில் நாங்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். ஜி.எம். நேரில் பார்க்க வருகிறார், பார்த்துவிட்டு அணியிலிருந்து ஒருவரை நிரந்தரமாக்குவார் என்று விளையாட்டு அதிகாரி சொன்னார். அணியில் தினக்கூலிகள் இரண்டே பேர். ஒருவர் இவர், இன்னொருவன் புதிதாக வந்த இளவட்டம். அவனுக்கு வயதிருந்தது, இன்னும் பல வருஷம் காத்திருக்கலாம். இவருக்கு அதுதான் கடைசி வண்டி.

யோசனையை முதலில் சொன்னவர் பாய். எங்கள் அணியில் அதிகமாகக் கூடை போடுகிறவர் அவர், பழைய நகரத்துக்காரர். கேன்டீனில் டீ குடிக்கும்போது என் பக்கம் குனிந்து, “ஆஜ் ஸாரே பாலாங் உன்கோச் தேதேங்கே” என்றார். இன்றைக்கு எல்லாப் பந்தையும் அவருக்கே கொடுத்துவிடுவோம் என்கிறார். அவர் போடட்டும், மைக்கில் அவர் பெயர் வரட்டும், ஜி.எம். காதில் விழட்டும். தன் பெயர் கேட்காவிட்டால் சாப்பாடு இறங்காத மனிதர் பாய். அவரே இதைச் சொன்னார். எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

செகந்தராபாத் போகும் கம்பெனி பஸ்ஸில் அவரிடம் சொன்னேன்.

“நக்கோ,” என்றார் அவர். “இன்னாத்துக்கு இதெல்லாம்? எனக்குப் போட வராது. அங்க அவன் இருக்கான் தெரியும்ல?”

அவன் என்றால் எதிரணியின் நெட்டை ஆள். நகரத்திலேயே பெரிய பிவட். எல்லா அணிகளுக்கும் எதிராக மழைபோலக் கொட்டுகிறவன், எங்களோடு ஆடும்போது மட்டும் திணறுவான். வருஷக்கணக்காக இருவரும் மோதிக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணியையும் குழந்தைகளையும் வரச் சொல்லியிருக்கேன் அண்ணே,” என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கியது. நான் பந்தைக் கொடுத்தேன், திருப்பி என்னிடமே எறிந்தார். பாய் கொடுத்தார், அவருக்கும் திருப்பி எறிந்தார். ஓடி வரும்போது என்னைப் பார்த்து முறைத்தார். அடுத்த முறை அவர் கூடைக்கு நேர் கீழே நிற்கும்போது கொடுத்தேன். அங்கிருந்து போடாமல் இருந்தால்தான் அதிசயம். போட்டார். விழுந்தது. மைக்கில் அவர் நம்பரோடு முதல் தடவையாக முழுப் பெயரும் வந்தது. பெஞ்சிலிருந்து மூன்று குட்டிக் குரல்கள் ஒன்றாக “நைனா” என்று கத்தின.

அவர் அந்தப் பக்கம் பார்த்தார். ஒரு நொடிதான். ஆனால் அவர் பார்க்க வேண்டிய இடம் அதுவல்ல. நெட்டையன் பந்தோடு எங்கள் பக்கம் ஓடிவிட்டிருந்தான்.

அதற்குப் பிறகு நாங்கள் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. அவரே வாங்கினார், அவரே போட்டார். விகாரமான ஒரு வீச்சு, பக்கவாட்டிலிருந்து கையை வளைத்து, தோசையைத் திருப்பிப் போடுவது மாதிரி. அது விழுந்துகொண்டேயிருந்தது. எதிரணி அவரைக் காவல் காக்க யாரையும் வைக்கவில்லை. இவர் போடுவார் என்று யார் கண்டது? மைக் பிடித்தவர் உற்சாகமாகிவிட்டார். பெயருக்கு முன்னால் அடைமொழியெல்லாம் சேர்த்துச் சொன்னார். அண்ணி தலையில் போட்டிருந்த முந்தானை நழுவியது தெரியாமல் எழுந்து நின்றுகொண்டிருந்தார். ஜி.எம். பக்கத்தில் குனிந்து விளையாட்டு அதிகாரியிடம் ஏதோ கேட்டார். அதிகாரி எங்கள் ஆளைச் சுட்டிக்காட்டினார். எனக்கு அந்த நேரத்தில் இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

ஆனால் ஒரு மனிதனுக்கு ஒரு மூச்சுதான். அந்தப் பக்கம் போட்டுவிட்டு இந்தப் பக்கம் ஓடி வரும்போது அவர் பிந்தினார். நெட்டையன் தன் இடத்தில் போய் நின்ற பிறகுதான் இவர் வந்து சேர்ந்தார். வந்து என்ன பயன்? கால் வைக்க இடமில்லை. கையை வைத்தார், விசில் ஊதினார்கள். பிறகு கையையும் வைக்கவில்லை. அவன் மழையாகக் கொட்டினான்.

முடிவு நெருங்கும்போது இரண்டு அணியும் சமம். பந்து அவர்களிடம் இருந்தது. எங்கள் அணி முழுக்கத் தடுக்க ஓடியது. நான் திரும்பிப் பார்த்தபோது அவர் எதிரணியின் கூடைப் பக்கத்திலேயே நின்றிருந்தார். பந்தை நாங்கள் பறித்துக் கொடுத்தால் உடனே போடுவதற்குத் தயாராக, கையைத் தூக்கிக் கேட்டுக்கொண்டு. அத்தனை வருஷத்தில் அவர் பந்து கேட்டு நான் பார்த்ததில்லை. இங்கே நெட்டையன் ஆளில்லாத வீட்டுக்குள் நுழைவதுபோல நுழைந்து போட்டான். ஆட்டம் முடிந்தது.

தோற்றோம். ஆனால் ஜி.எம். இறங்கி வந்து முதலில் அவர் கையைத்தான் குலுக்கினார். இப்படிப்பட்ட ஆட்டக்காரரை இன்னுமா தினக்கூலியில் வைத்திருக்கிறீர்கள் என்று எல்லோர் எதிரிலும் கேட்டார். விளையாட்டு அதிகாரி தலையைச் சொறிந்தார். அந்த மாதமே நிரந்தர உத்தரவு வந்தது. சில மாதங்களில் குவார்ட்டர்ஸும் கிடைத்தது.

இன்றைக்கு யாராவது என்னைக் கேட்டாலும் நாங்கள் செய்தது சரிதான் என்பேன். ஒரு கோப்பை என்ன, பத்துக் கோப்பை போகட்டும். மூன்று பெண்களும் படித்தார்கள், தலைக்கு மேல் ஓட்டை இல்லாத கூரை இருந்தது. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அவர் மட்டும் அதற்குப் பிறகு மைதானத்துக்கு வரவில்லை. முட்டி வலி என்றார், வீடு மாற்றுகிற வேலை என்றார். புது சீசன் தொடங்கியும் வராததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அண்ணி முகமெல்லாம் சிரிப்பாகக் காபி கொண்டுவந்து வைத்தார். கடைசிப் பெண் பள்ளிக்கூடச் சீருடையை எனக்குக் காட்டுவதற்காக லீவு நாளிலும் போட்டுக்கொண்டு வந்தாள். அவர் பின்பக்கம் தொட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். நான் அங்கே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தேன்.

“அதிகாரி தினமும் கேக்கறார் அண்ணே. இந்த வருஷமும் நீங்கதான் பிவட்.”

“வேற ஆள வெச்சுக்க சொல்லு.”

“எங்க மேல கோபமா?”

“உங்க மேல இன்னாத்துக்குக் கோவம்?” குழாயை மூடினார். “நீங்க குடுத்தீங்க, நான் போட்டேன். போடணும்னு எனக்கும் ஆச வந்துடுச்சு. பொண்ணுங்க கத்துச்சுங்க பாரு, அப்பவே வந்துடுச்சு. அதையும் சொல்லணும்ல.”

வாளியை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு வீட்டுக்குள் கேட்காதபடி குரலைத் தணித்துக்கொண்டார்.

“கேம் முடிஞ்சதும் அவன் எங்கிட்ட வந்தான் தம்பி. அந்த நெட்டையன். இத்தன வருஷத்துல என் மூஞ்சியப் பாத்தா காறித் துப்பிட்டுப் போவான். கெட்ட கெட்ட வார்த்தையா திட்டுவான். எனக்கு அதான் சம்பளம் மாதிரி. அன்னிக்கு வந்து தோள்ல கை போட்டான். பஹுத் அச்சா கேலே பாய், நீ நல்லா ஆடினேன்னு சொல்லி சிரிச்சான். மனசாரத்தான் சொன்னான்.”

நான் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இனிமே எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அவன் குறுக்க போய் நிக்கறது?” என்றார்.